கடைக்கு மொபைல் விற்பனை: ஆப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கல்லாப்பெட்டி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் சில்லறை வணிகம் எங்களுடையது. கிளைகள் சில, எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கிடங்கு ஒன்று. இணையதளம் இருக்கிறது. பொருளின் படமும் கிளை முகவரியும் காட்டுவதோடு சரி, அதில் வாங்க முடியாது.

கொஞ்ச காலமாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். வாடிக்கையாளர் பொருளைத் தொட்டுப் பார்க்கிறார், விற்பனையாளரிடம் விவரம் கேட்கிறார், பிறகு போனை எடுத்து மாடல் எண்ணைத் தேடுகிறார். சிலர் அங்கேயே வாங்குகிறார்கள். சிலர் யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், வீட்டிலிருந்தே போன் செய்து "இந்த மாடல் இருக்கிறதா, இருந்தால் வருகிறேன்" என்று கேட்பவர்கள் நிறைய.

மகன் உடனே ஆப் போடலாம் என்கிறான். மென்பொருள் நிறுவனம் ஒன்று வந்து அழகான திரைகளைக் காட்டி, விலைப்புள்ளியும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. எங்கள் கணக்கரோ, போட்ட பணம் திரும்பும் என்று யார் சொல்வது என்று கேட்கிறார். இது எங்களுக்கு வேண்டுமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? வேண்டும் என்றால் ஆப்பா, மொபைலில் சரியாக ஓடும் தளமா? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நிரல்நேசன் எழுதியது:

சார், இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முதலில் தளம். ஆப் பிறகு, அதுவும் தேவை இருந்தால்.

உங்களைத் தெரியாதவர் மாடல் எண்ணைத் தேடும்போதுதான் உங்களிடம் வருகிறார். தேடலில் ஆப்புக்குள் இருக்கும் பக்கம் வராது, தளத்தின் பக்கம்தான் வரும். கூகுள் 2016இலேயே தளங்களின் மொபைல் பதிப்பை முதன்மையாக வைத்துத் தேடலுக்காக அட்டவணைப்படுத்தப் போவதாக அறிவித்து, 2023இல் அந்த மாற்றத்தை முடித்துவிட்டது. அதாவது உங்கள் தளம் கணினியில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், போனில் காட்டும் பக்கத்தை வைத்துத்தான் உங்களை எடை போடுகிறார்கள். படங்களும் விவரங்களும் கணினிப் பதிப்பில் மட்டும் இருந்தால் அவை இல்லாத கணக்குதான்.

ஆப் மட்டும் போதும் என்று பெரிய நிறுவனமே முயன்று பார்த்திருக்கிறது. இணையத்தில் ஆடை விற்கும் மிந்த்ரா 2015 மே மாதம் தளத்தை மூடிவிட்டு ஆப்பில் மட்டும் விற்றது. 2016இல் முதலில் மொபைல் தளத்தையும், பிறகு கணினித் தளத்தையும் திரும்பத் திறந்தது. அவ்வளவு விளம்பர பலம் உள்ளவர்களுக்கே அந்த நிலை.

இன்னொன்று. ஆப் போட்டால் ஆப்பிளும் கூகுளும் விற்பனையில் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அந்தக் கமிஷன் ஆப்புக்குள் விற்கும் டிஜிட்டல் பொருளுக்கும் சந்தாவுக்கும். வீட்டுக்கு வந்து சேரும் பொருளை விற்பவர் தன் சொந்தப் பேமெண்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும், அதில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. ஆப் வேண்டாம் என்று சொல்லக் காரணம் கமிஷன் அல்ல, பராமரிப்பு. ஆண்ட்ராய்டு ஒன்று, ஐபோன் ஒன்று, தளம் ஒன்று என்று மூன்றையும் ஒவ்வொரு புதிய இயங்குதளப் பதிப்பு வரும்போதும் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் விலைப்புள்ளியில் அந்தச் செலவு வராது.

சரக்கறை எழுதியது:

திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கிடங்கைப் பற்றிப் பேசலாமா? நான் சரக்கு இருப்பு நிர்வாகத்தில் இருப்பவன். மொபைல் விற்பனை எங்கே முறிகிறது என்று கேட்டால், பத்துக்கு எட்டு இடத்தில் இருப்புக் கணக்கில் முறிகிறது என்றுதான் சொல்வேன். இது என் அனுபவக் கணிப்புதான், ஆய்வு முடிவு அல்ல.

ஒரு உதாரணம். கணினியில் ஒரு மாடல் 1 என்று இருப்புக் காட்டுகிறது. அந்த ஒன்று எங்கே இருக்கிறது? காட்சி அலமாரியில். பெட்டியைக் காணோம், கையேடு இல்லை, பக்கவாட்டில் கீறல். கடைக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு "வேறு புதியது இருக்கிறதா" என்பார், இல்லை என்றால் போய்விடுவார். விஷயம் அங்கேயே முடிந்தது. அதே ஒன்றை மொபைலில் ஒருவர் இரவில் பணம் கட்டி வாங்கிவிட்டால்? காலையில் கிளையில் தேடுவார்கள், அடுத்த கிளைக்குப் போன் போடுவார்கள், கடைசியில் வாடிக்கையாளரை அழைத்து மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்புவார்கள். அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

கடையில் விற்பவருக்கு இருப்புக் கணக்கு ஒன்றிரண்டு தவறாக இருந்தாலும் ஓடும், ஏனென்றால் கண் முன்னால் பொருள் இருக்கிறது. மொபைலில் அந்த எண்ணை மட்டும் நம்பித்தான் வாங்குகிறார்கள்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது எண்ணுவது. வருடக் கடைசியில் கடையை மூடிவிட்டு மொத்தமாக எண்ணுவது போதாது. அதிகம் விற்கும் மாடல்களை அடிக்கடி, மெதுவாக நகர்பவற்றை எப்போதாவது என்று சுழற்சி முறையில் எண்ணுங்கள். காட்சிப் பொருள், பழுதானது, திருப்பி வந்தது, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போய்க்கொண்டிருப்பது ஆகியவற்றுக்குத் தனித்தனி நிலை வையுங்கள். இவை எல்லாம் "இருப்பு" என்ற ஒரே எண்ணுக்குள் கலந்து கிடந்தால் எந்த ஆப்பும் உதவாது.

அடுத்தது, பில்லிங் மென்பொருளிலிருந்து தளத்துக்கு எண் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை போகிறது என்று கேளுங்கள். இரவில் ஒருமுறை மட்டும் போகிறது என்றால், பகல் முழுக்கத் தளம் நேற்றைய கணக்கைத்தான் காட்டும். உடனுக்குடன் அனுப்ப முடியாவிட்டால், ஒவ்வொரு மாடலிலும் கடைசிச் சில பொருட்களைத் தளத்தில் காட்டாமல் ஒதுக்கி வையுங்கள். மூன்று இருந்தால் ஒன்று என்று காட்டலாம், ஒன்று மட்டும் இருந்தால் "கிளையில் கேட்கவும்" என்று போடலாம். சில விற்பனை கைவிட்டுப் போகும்தான். பணம் வாங்கிவிட்டுப் பொருள் இல்லை என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

வடிவம் எழுதியது:

சரக்கறை அண்ணா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் திரை வடிவமைப்பில் இருப்பவள். என் பக்கத்திலிருந்து சில.

மொபைல் செக்அவுட்டில், அதாவது பணம் கட்டி வாங்கி முடிக்கும் கட்டத்தில், ஒரு கையால், கட்டைவிரலால், நடுவில் அழைப்பு வந்து போகும்போது, விட்டு விட்டு வரும் நெட்வொர்க்கில் வாங்குகிறார்கள். உங்கள் அலுவலக வைஃபையில் புதிய போனை வைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது. நினைவகம் குறைந்த பழைய ஆண்ட்ராய்டு ஒன்றை எடுத்து, மொபைல் டேட்டாவில், முன்பின் பார்க்காத ஒருவர் கையில் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். எங்கே அவர் விரல் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

வழக்கமாக விரல் நிற்கும் இடங்கள் உண்டு. பின்கோடு பெட்டியைத் தொட்டால் எழுத்து விசைப்பலகை வரும், எண் விசைப்பலகை வராது. ஐபோனில் பெட்டிக்குள் இருக்கும் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், தொட்டவுடன் பக்கமே பெரிதாகி ஒரு பக்கம் நகர்ந்துவிடும். "தொடர்க" பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். உள்நுழைவு ஓடிபி குறுஞ்செய்தியாக வந்ததும் தானாக நிரம்பும்படி செய்ய முடியும், பலர் செய்வதில்லை. எல்லாமே சிறிய திருத்தங்கள், சில வரி நிரலில் முடிபவை. பொத்தானின் குறைந்தபட்ச அளவுக்கு ஆப்பிள் 44 புள்ளி (திரையில் அளக்கும் அலகு) என்கிறது, ஆண்ட்ராய்டு 48 என்கிறது. அதைவிடச் சிறியதை வைக்க விடாதீர்கள்.

வேகத்துக்கு கூகுள் வைத்திருக்கும் அளவுகோலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம்: முக்கிய உள்ளடக்கம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் பதில் வர வேண்டும், பக்கத்தில் இருப்பவை திடீரென இடம் மாறிக் குதிக்கும் அளவு கூகுள் மதிப்பெண்ணில் 0.1ஐத் தாண்டக் கூடாது. நான்கில் மூன்று வருகைகளாவது இதற்குள் இருக்க வேண்டும். உண்மையான வாடிக்கையாளர்களின் போனிலிருந்து எடுத்த அளவாக இருக்க வேண்டும், மென்பொருள் நிறுவனத்தின் மடிக்கணினியில் எடுத்ததாக அல்ல.

கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போவோர் சராசரியாக 70 சதவீதம் என்று பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. அத்தனை பேரும் உங்கள் தளத்தைக் கண்டு வெறுத்துப் போனவர்கள் அல்ல, பலர் சும்மா பார்ப்பவர்கள். ஆனால் டெலிவரி கட்டணத்தைக் கடைசித் திரையில் காட்டி, கணக்குத் தொடங்கினால்தான் வாங்கலாம் என்று கட்டாயப்படுத்தினால், வாங்க வந்தவரையும் நாமே அனுப்பி வைக்கிறோம்.

கல்லாப்பெட்டி எழுதியது:

மூவருக்கும் நன்றி. இருப்பு விஷயம் உடனே உறைத்தது, எங்கள் காட்சிப் பொருட்கள் எல்லாம் அதே கணக்கில்தான் இருக்கின்றன.

வடிவம், கட்டாய உள்நுழைவு பற்றிச் சொன்னீர்கள். எங்களுக்கு வந்த விலைப்புள்ளியில் அதைப் பெரிய வசதியாகவே எழுதியிருக்கிறார்கள். போன் எண்தான் சொத்து, அதை வைத்துத்தான் பிறகு சலுகைகளை அனுப்ப முடியும் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

வடிவம் எழுதியது:

டெலிவரிக்கு எண்ணை எப்படியும் கொடுக்கத்தானே போகிறார்? வாங்கி முடித்த பிறகு, "இந்த எண்ணிலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாமா, சலுகைச் செய்தி அனுப்பலாமா" என்று தனித்தனியாகக் கேளுங்கள். டெலிவரிக்குக் கொடுத்த எண்ணுக்குக் கேட்காமல் விளம்பரம் அனுப்புவது முறையல்ல, பல நாடுகளின் தனியுரிமைச் சட்டமும் அதை விடாது. சம்மதம் கொடுத்தவரின் எண்தான் சொத்து.

பட்டுவாடா எழுதியது:

பேமெண்ட் பக்கம் யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன். வாடிக்கையாளர் பொறுமை இழப்பது பணம் விஷயத்தில்தான்.

நடப்பது இதுதான். அவர் பணம் கட்டுகிறார், வங்கியில் பணம் கழிந்துவிடுகிறது, உங்கள் தளத்துக்குத் திரும்பி வருவதற்குள் நெட்வொர்க் போய்விடுகிறது. போனில் வெள்ளைத் திரை. ஆர்டர் ஆனதா இல்லையா தெரியவில்லை. என்ன செய்வார்? திரும்பக் கட்டுவார். இப்போது இரண்டு முறை பணம் போயிருக்கிறது, உங்கள் கணினியில் ஒரு ஆர்டர்கூட இல்லாமலும் இருக்கலாம்.

வாடிக்கையாளரின் போன் திரும்பி வந்து சொல்வதை மட்டும் நம்பி ஆர்டரை உறுதி செய்யும் தளத்தில் இது நடந்தே தீரும். கேட்வே உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் அறிவிப்பை, அதாவது வெப்ஹுக்கை, வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அந்த அறிவிப்பும் சில சமயம் தாமதமாக வரும், சில சமயம் ஒரே அறிவிப்பு இரண்டு முறை வரும். இரண்டாவது வந்தால் இன்னொரு ஆர்டர் உருவாகக் கூடாது. ஒவ்வொரு பணம் செலுத்தும் முயற்சிக்கும் மாறாத அடையாள எண் ஒன்று இருந்தால் இதைத் தடுக்கலாம். அப்புறம், வெற்றி தோல்வி இரண்டுக்கும் நடுவில் "சரிபார்க்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்" என்ற நிலை திரையில் கட்டாயம் வேண்டும்.

மென்பொருள் நிறுவனத்தைச் சோதிக்க எளிய வழி சொல்கிறேன். அவர்கள் செய்து காட்டும்போது, பணம் கட்டிய நொடியில் போனை ஃப்ளைட் மோடில் போடச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆர்டர் என்ன ஆனது என்று காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தடுமாறுகிறவர்களிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கார்டு எண்ணை உங்கள் சர்வரில் வாங்கிச் சேமிக்கும் எண்ணமே வேண்டாம். கேட்வே தரும் பக்கத்திலோ பெட்டியிலோ வாடிக்கையாளர் நிரப்பட்டும், உங்களிடம் கார்டு எண்ணுக்குப் பதிலாகத் தரப்படும் டோக்கன் மட்டும் இருக்கட்டும். கார்டுப் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிப்படி, பணம் கழிக்க வங்கியின் அனுமதி கிடைத்த பிறகு கார்டின் ரகசியச் சரிபார்ப்பு எண்ணான சிவிவியை வணிகர் யாரும் சேமிக்கக் கூடாது. கார்டுத் தகவல் உங்கள் பக்கம் வராவிட்டால் அந்த விதிகளில் உங்கள் தலையில் விழும் பங்கு வெகுவாகக் குறையும்.

மறுமுனை எழுதியது:

எல்லோரும் ஆப் வேண்டாம் என்கிறீர்கள், நான் மாறுபடுகிறேன். நான் வேலை செய்யும் இடத்தில் அடிக்கடி தீர்ந்துபோகும் பொருட்களை விற்கிறோம். மாதந்தோறும் அதே ஆள் அதே பட்டியலை வாங்குகிறார். அவருக்கு ஆப் திறந்தவுடன் போன மாதப் பட்டியல் வருகிறது, ஒரே தொடலில் மறு ஆர்டர். முகவரி, பணம் செலுத்தும் முறை எல்லாம் நினைவில் இருக்கிறது. தளத்தில் இதை இவ்வளவு இலகுவாகச் செய்ய முடியவில்லை. எங்கள் விற்பனையில் நிலையான பகுதி ஆப்பில்தான் வருகிறது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் வாடிக்கையாளர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திரும்புகிறார் என்பது. அதைப் பார்க்காமல் ஆப் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் ஒன்றுதான்.

நிரல்நேசன் எழுதியது:

ஏற்கிறேன், உங்கள் வணிகத்துக்கு ஆப்தான் சரி. சாரின் கடையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கியவர் அடுத்ததை எப்போது வாங்குவார்? பல வருடம் ஆகும். அதுவரை ஆப்பைப் போனில் வைத்திருக்க அவருக்கு என்ன காரணம்? உத்தரவாத அட்டை, சர்வீஸ் பதிவு, உதிரி பாகம் என்று ஏதாவது கொடுத்தால் யோசிக்கலாம். வாங்குவதற்கு மட்டும் என்றால் இடம் போதவில்லை என்றவுடன் முதலில் நீக்கப்படுவது அதுதான்.

நோட்டிபிகேஷனுக்காக ஆப் என்ற வாதமும் முன்பு போல இல்லை. ஐபோன் இயங்குதளத்தின் 16.4 பதிப்பிலிருந்து, 2023 முதல், முகப்புத் திரையில் சேர்த்த தளமும் நோட்டிபிகேஷன் அனுப்பலாம். ஆண்ட்ராய்டில் அது வெகு காலமாக உண்டு.

வரவுசெலவு எழுதியது:

கணக்கர் கேட்டது சரியான கேள்வி, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"மொபைலில் இத்தனை விற்றது" என்ற எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ஆர்டருக்குக் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பொருளின் லாபத்திலிருந்து கேட்வே கட்டணம், பெட்டி, பேக் செய்யும் ஆளின் நேரம், டெலிவரி, அந்த ஆர்டரைக் கொண்டுவர ஆன விளம்பரச் செலவு ஆகியவற்றைக் கழியுங்கள். அதற்கு மேல் திருப்பி வரும் பொருட்களின் செலவை எல்லா ஆர்டர்கள் மீதும் பரப்புங்கள். திருப்பி வந்தால் டெலிவரி இரண்டு முறை, பொருளும் புதிதாக விற்க முடியாமல் போகலாம். எடை அதிகமான, உடையக்கூடிய, லாபம் குறைந்த பொருட்களில் இந்தக் கணக்கு சட்டென்று எதிர்மறைக்குப் போகும். அப்படிப்பட்டவற்றை வீட்டுக்கு அனுப்பாமல், கிளையில் வந்து எடுத்துக்கொள்ளும்படி மட்டும் வைக்கலாம்.

இன்னொரு பக்கம், கடையிலேயே வாங்கியிருக்கக்கூடியவர் மொபைலில் வாங்கினால் அது புது விற்பனை அல்ல. இதைப் பிரித்தறிய எளிய வழி, எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் தொடங்காமல் இருப்பது. விற்பனையிலும் வாடிக்கையாளர் வகையிலும் ஒத்த இரண்டு கிளைகளில் ஒன்றின் சுற்றுவட்டாரத்தில் மட்டும் தொடங்குங்கள். அந்தக் கிளையின் கடை விற்பனையையும் மொபைல் விற்பனையையும் கூட்டி, மற்றக் கிளையோடு ஒப்பிடுங்கள். பண்டிகைக் கால வேகம் இரண்டிலும் இருக்கும் என்பதால் அது ஏமாற்றாது. எந்த எண் வந்தால் விரிவாக்குவோம், எந்த எண் வந்தால் நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். பின்னால் எழுதினால் எந்த எண்ணுக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

கிளைமேலாளர் எழுதியது:

நான் கடைத்தளத்தில் நிற்பவன். எங்களை யாரும் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

மொபைல் ஆர்டர் கிளைக்கு வந்தால், பொருளைத் தேடி எடுத்து, பேக் செய்து, எடுத்துக்கொள்ள வருபவருக்குப் பதில் சொல்வது கிளை ஆட்கள். அந்த விற்பனை "ஆன்லைன்" கணக்கில் போகிறது, கிளையின் மாத இலக்கில் சேருவதில்லை, விற்பனையாளருக்கு ஊக்கத்தொகையும் இல்லை. அப்படி இருந்தால் முன்னால் நிற்கும் வாடிக்கையாளரை விட்டுவிட்டு அந்த ஆர்டரை யார் எடுப்பார்? அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. 1989இல் ஃபிரெட் டேவிஸ், ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பது அது தங்களுக்குப் பயன்படும் என்று நினைப்பதையும் எளிதாக இருக்கும் என்று நினைப்பதையும் பொறுத்தது என்றார். வாடிக்கையாளருக்குப் பொருந்துவது கிளை ஆட்களுக்கும் பொருந்தும்.

எந்தக் கிளை பொருளைக் கொடுக்கிறதோ அந்தக் கிளைக்கு விற்பனையை வரவு வையுங்கள். வாடிக்கையாளர் கடையில் நின்று போனில் தேடும்போது, விற்பனையாளரே அவர் போனில் உங்கள் தளத்தைத் திறந்து, இந்தக் கிளையில் இல்லாத நிறத்தை வேறு கிளையிலிருந்து வரவழைத்துத் தர முடிய வேண்டும். அதற்கும் அவருக்கு ஊக்கத்தொகை வேண்டும். கல்லாப்பெட்டி சார் முதலில் எழுதினாரே, மாடல் எண்ணைத் தேடிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்று, அவர்களில் பலரை அங்கேயே நிறுத்திவிடலாம்.

எடுத்துக்கொள்ள வருபவரைப் பில் போடும் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர் அவர். தனியாக ஒரு மேசை, ஆர்டர் எண் எழுதிய அலமாரி, போதும்.

கல்லாப்பெட்டி எழுதியது:

எல்லாவற்றையும் மகனையும் கணக்கரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். இப்போதைக்கு முடிவு செய்திருப்பது: ஆப் இல்லை. காட்சிப் பொருள், பழுது, இடமாற்றத்தில் இருப்பது எல்லாவற்றுக்கும் தனி நிலை வைத்து எண்ணத் தொடங்குகிறோம். எண் நம்பும்படி ஆனதும், ஒரு கிளைக்கு மட்டும், மொபைல் தளத்தில் இருப்பைக் காட்டி முன்பதிவு. பணம் கடையில் வந்து கட்டலாம். "இருக்கிறதா" என்று போனில் கேட்பவர்களுக்கு நேரடியாக உதவுவது அதுதானே. அது ஓடினால் பணம் செலுத்துதல், பிறகு டெலிவரி. விற்பனை வரவு அந்தக் கிளைக்கே.

மகனுக்கு ஆப் இல்லை என்பதில் வருத்தம்தான். அந்த ஃப்ளைட் மோடு சோதனையை அவனே செய்யப் போகிறான்.

ஒரு சந்தேகம். முன்பதிவு செய்துவிட்டு வராமல் போனால் பொருள் முடங்குமே? அப்புறம் ஒப்பந்தத்தில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

சரக்கறை எழுதியது:

முன்பதிவுக்குக் காலக்கெடு வையுங்கள், அடுத்த நாள் கடை மூடும் வரை என்பது போல. கெடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குறுஞ்செய்தி, அதற்குப் பிறகு பொருள் தானாகவே விற்பனைக்குத் திரும்ப வேண்டும். கையால் விடுவிக்கும்படி வைத்தால் மறந்துபோகும். முன்பதிவு வந்ததும் கிளை ஆள் பொருளைக் கண்ணால் பார்த்து, எடுத்துத் தனியாக வைத்த பிறகுதான் "தயார்" என்ற செய்தி போக வேண்டும். கண்டுபிடிக்க முடியாத முன்பதிவுகளை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எந்த மாடலில் உங்கள் கணக்கு தவறாக இருக்கிறது என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும், பணம் வாங்கத் தொடங்கும் முன் அந்தப் பட்டியல் குறைந்திருக்க வேண்டும்.

நிரல்நேசன் எழுதியது:

ஒப்பந்தத்துக்கு: டொமைன் (தளத்தின் இணைய முகவரி), கேட்வே கணக்கு, தள வருகைகளை அளக்கும் பகுப்பாய்வுக் கணக்கு, பின்னால் ஆப் வந்தால் ஸ்டோர் கணக்கு, எல்லாம் உங்கள் நிறுவனப் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். மென்பொருள் நிறுவனத்துக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். பொருள் விவரம், வாடிக்கையாளர், ஆர்டர் தரவு எல்லாவற்றையும் எப்போது கேட்டாலும் வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். தளம் நின்றுபோனால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருவார், விடுமுறை நாளிலும் வருவாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்லாப்பெட்டி எழுதியது:

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எண்ணிக்கை வேலை கிடங்கிலிருந்து ஆரம்பிக்கிறது, முன்பதிவு தொடங்கியதும் அந்த நோட்டில் என்ன வருகிறது என்று இதே இழையில் எழுதுகிறேன்.